காணி மாறினால் கைப்பழக்கமும் மாறவேண்டும்

தேசிக்காய் புளிக்கும், சுண்ணாம்பு நாக்கைச் சுடும். முன்னையதை அமிலம் என்றும், பின்னையதைக் காரம் என்றும் எமது பிள்ளைகள் பாடசாலையில் படிக்கிறார்கள். இவை இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் வலிமையை மற்றது தணிக்கும். கேத்தலின் அடியில் படியும் வெண்படை தேசிப்புளியில் கரைவதும், மஞ்சள் சுண்ணாம்பு பட்டுச் சிவப்பதும் இப்பாடத்தின் அடுப்படி உதாரணங்களே. ஆனால் இந்த அறிவு அடுப்படியைவிட எமது காணிகளிலேயே அதிகம் தேவைப்படுகின்றது என்பது எமது கருத்து.

புளிப்பையும் காரத்தையும் அளக்க 1909 ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு இரசாயனவியலாளர் சோரன்சன் ஓர் அளவுகோலை வகுத்தார். அதுவே பீ.எச். பெறுமானம். 7 நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஒரு படி மாறினால் பத்து மடங்கு மாற்றம். பெரும்பாலான பயிர்கள் 6 க்கும் 7 க்கும் இடைப்பட்ட மண்ணையே விரும்புகின்றன.

1977 ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் பல. தேயிலை மண் புளிப்பானது. புளிப்பு மிஞ்சினால் அங்கே டொலமைற் இடுவர். 1990 இலும் 1995 இலும் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் பழகியதோ சுண்ணாம்புக்கல்லின் மேலுள்ள செம்மண். அங்கே கிணற்று நீரே சுண்ணாம்பைச் சுமந்து வரும். ஆகவே இரு சாராரும் தத்தம் மண்ணுக்கேற்ற பழக்கத்தோடு வந்தனர். பழக்கம் எம்மோடு இடம்பெயரும்; மண் இடம்பெயராது.

"பாட்டன் காலந்தொட்டுச் சாம்பல் போட்டோம், என்ன கெட்டது?" என்று சிலர் கேட்கலாம். சாம்பல் நல்ல பசளைதான். அதில் பொட்டாசியம் உண்டு. ஆனால் அது காரமானது. ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதை மேலும் மேலும் கொட்டினால், இரும்பும் நாகமும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடையா. இளம் இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, இடைவெளி மஞ்சளிக்கும். அதைக் கண்டு யூரியாவைக் கூட்டுவதால் அந்நோய் தீராது. மாறாக, மண் மிகப் புளித்தால் அலுமினியம் கரைந்து வேரைக் குறுக்கும். இட்ட பொசுபரசும் மண்ணிலேயே கட்டுண்டுவிடும். ஆண்டுக்கணக்காக யூரியா இட்ட மண்ணும் மெல்ல மெல்லப் புளிக்கும் என்பதை மறத்தலாகாது.

இன்னொன்று. சாம்பலையோ சுண்ணாம்பையோ யூரியாவுடன் ஒரே நாளில் இடவேண்டாம். யூரியாவிலிருந்து உண்டாகும் அமோனியா காரம் பட்டதும் வாயுவாகிப் பறந்துவிடும். மூக்கை அரிக்கும் அந்த மணம் வந்தால், கடன்பட்டு வாங்கிய பசளை காற்றோடு போகின்றது என்று அறிக. இரண்டுக்கும் இடையே இரு வாரமாவது விடுங்கள்.

வயல்காரருக்கு ஓர் ஆறுதல் உண்டு. நீர் கட்டிய வயல் மண், புளிப்பாயினும் காரமாயினும், சில வாரங்களில் நடுநிலையை நோக்கி நகரும். இதனை விளக்கிய முக்கிய ஆய்வுரையை 1972 இல் வெளியிட்டவர் எமது நாட்டவரான பொன்னம்பெரும என்ற மண் விஞ்ஞானி. மேட்டுநிலத் தோட்டங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே செய்யவேண்டியது யாது? காய்ந்த மண்ணில் சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அம்மண்ணில் சுண்ணாம்பு உண்டு. மேலும் இடத் தேவையில்லை. நுரைக்காவிட்டால் மண் புளிப்பு என்று முடிவு கட்டவேண்டாம், அளந்தே அறியவேண்டும். காணியில் எட்டுப் பத்து இடங்களில் அரை அடி ஆழம்வரை மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவை விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்துப் பரிசோதிக்கக் கேளுங்கள். எரு குவித்த இடத்திலும் குப்பை எரித்த இடத்திலும் எடுக்கவேண்டாம்.

குடியேறும் குடும்பங்களுக்கு உதவுவோரிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பசளை மூடைக்கு முன்னர் மண் பரிசோதனை முடிவைக் கையில் கொடுங்கள். மண்ணை அறியாமல் கொடுக்கும் மூடை சில வேளை கமக்காரனின் கடனையே வளர்க்கும். ஒரு குடும்பம் தனித்துக் கேட்டால் காலம் தாழ்த்தலாம். சங்கமாகக் கூடி, கிராமத்து மண் முழுவதையும் ஒரே நாளில் சேகரித்துக் கொண்டுசென்று கேட்டால் மறுப்பது கடினம். அடுத்த விதைப்புக்கு முன் அதைச் செய்வோம்.