வானத்திலும் கடைசி வீடா?

எங்கள் ஊருக்குக் கேபிள் டிவி வந்தபோது எனக்குப் பத்து வயது. ஊர்த்தெருவில் படம் கண்ணாடி போலத் தெரியும். எங்கள் காலனியில் அதே படத்தில் ஈ மொய்க்கும். மாதச் சந்தா மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வசூலுக்கு வரும் கேபிள்காரர் அப்பாவைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அப்பாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். “படமே தெரியலீங்க, கொஞ்சம் என்னான்னு பாருங்களேன்” என்று அப்பா கேட்பார். “உங்க தெரு லைன் கடைசியில கிடக்கு. சிக்னல் அவ்வளவுதான் வரும்” என்பார் அவர்.

அவர் சொன்னது பொய்யில்லை. கேபிள் கம்பியில் தூரம் போகப் போக சிக்னல் வலுவிழக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் பிரிக்கும்போது இன்னும் குறையும். ஆனால் அதே கம்பியில், ஊர்த்தெருவின் நடுவில், ஓர் ஆம்ப்ளிஃபயர் மாட்டியிருந்தது. காலனி முகப்பில் இன்னொன்று மாட்ட அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு வருடம் கழித்து எங்கள் தெரு அண்ணன்கள் வீட்டுக்கு வீடு காசு வசூலித்து ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். கம்பியும் பழையதுதான், தெருவும் கடைசியில்தான் இருந்தது. படம் மட்டும் தெளிந்துவிட்டது.

இன்று நான் ஊடகத் துறையில் முனைவர் பட்ட ஆய்வாளன். தொலைக்காட்சிச் சேனல்கள் குறைந்த இடத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது என் ஆய்வின் ஒரு பகுதி. எத்தனையோ ஆவணங்களைப் படித்த பிறகும், அந்தக் கேபிள்காரரின் பதிலைத்தான் வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: “இடம் அவ்வளவுதான்.”

ஆய்வுக்காக ஒருமுறை ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறை ஒன்றுக்குப் போயிருந்தேன். செயற்கைக்கோளில் உள்ள டிரான்ஸ்பாண்டர் குறிப்பிட்ட கொள்ளளவு கொண்ட ஒரு குழாய் போன்றது. பழைய எம்பெக்-2 முறையில் அதற்குள் பத்துப் பதினைந்து சேனல்கள் போகும். எம்பெக்-4 முறையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு போகும். ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்தி வாசிப்பவரின் படத்துக்குக் கொஞ்சம் பிட்டுகள் போதும். கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது, புல்லும் கூட்டமும் சேர்ந்து அசையும் படத்துக்கு நிறைய வேண்டும். எனவே கருவி ஒவ்வொரு நொடியும் எந்தச் சேனலுக்கு எவ்வளவு தேவை என்று பார்த்து, குறைவாகத் தேவைப்படுவதிடமிருந்து எடுத்து அதிகமாகத் தேவைப்படுவதற்குத் தருகிறது. இதற்கு ஸ்டாட்டிஸ்டிகல் மல்டிபிளெக்சிங் என்று பெயர்.

அங்கிருந்த பொறியாளர் எனக்குப் பொறுமையாக விளக்கினார்: “எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்தா வீண் தம்பி. யாருக்கு எவ்வளவு தேவையோ அதைக் கொடுக்கணும். அப்பத்தான் எல்லாப் படமும் நல்லா இருக்கும்.”

இதே வாக்கியத்தை இடஒதுக்கீடு பற்றிய டிவி விவாதம் ஒன்றில் சொல்லிப் பாருங்கள். தகுதி, திறமை என்று நான்கு பேர் பாய்வார்கள். தேவைக்கேற்ற பங்கீடு பொறியியலில் திறன் எனப்படுகிறது. சமூகத்தில் சலுகை எனப்படுகிறது.

பிறகு அவர் இன்னொரு திரையைக் காட்டினார். ஒவ்வொரு சேனலுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: குறைந்தபட்சம், அதிகபட்சம், முன்னுரிமை. குழாய் நெருக்கடியில் இருக்கும்போது முன்னுரிமை குறைந்த சேனலின் படம்தான் முதலில் கட்டம் கட்டமாக உடையும். “இதை மெஷினே போட்டுக்குமா சார்?” என்று கேட்டேன். “இல்ல தம்பி, அது மேல இருந்து வரும்” என்றார்.

ஆக, பங்கிடுவது கருவிதான். பங்கீட்டின் விதியை எழுதுவது மனிதர்கள். நாம் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

முதலில் கேபிளை எடுத்துக்கொள்வோம். 2012இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் தொடங்கிய டிஜிட்டல் மாற்றம் 2017இல் நாடு முழுவதற்கும் வந்தது. அனலாக் காலத்தில் ஒரு சேனல் அடைத்துக்கொண்ட இடத்தில் இப்போது பல சேனல்கள் போகின்றன. இடப் பஞ்சம் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் தன் சேனலைக் கொண்டுபோகச் சொல்லி நிறுவனம் கேபிள்காரருக்குக் கொடுக்கும் கேரேஜ் கட்டணம் ஒழியவில்லை. 2017இல் டிராய் அதற்கு ஒரு வரம்பு வைத்தது: சாதாரணச் சேனல் என்றால் ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 பைசாவுக்கு மேல் வாங்கக் கூடாது. அதே விதியில், சந்தாதாரர்களில் 20 சதவீதமோ அதற்கு மேலோ ஒரு சேனலை எடுத்திருந்தால் அதற்குக் கேரேஜ் கட்டணமே கிடையாது.

நோக்கம் நல்லதுதான், கேபிள் நிறுவனங்கள் சேனல்களை மிரட்டிப் பணம் பறிப்பதைத் தடுக்க வந்த விதி அது. விளைவைப் பாருங்கள். ஏற்கெனவே எல்லார் வீட்டிலும் இருக்கும் பெரிய சேனல் ஒரு பைசா தர வேண்டாம். இன்னும் யாரும் பார்த்திராத சின்னச் சேனல் தலைக்கு 20 பைசா வரை தர வேண்டும். பத்து லட்சம் சந்தாதாரர் உள்ள ஒரு நிறுவனத்தில் அது மாதம் இரண்டு லட்சம் ரூபாய். தெரிந்தால்தான் மக்கள் எடுப்பார்கள். எடுத்தால்தான் கட்டணம் விலகும். கட்டணம் கட்டினால்தான் தெரியும். கடைசி வீட்டுக்காரர் தன் காசில் ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதை இங்கே சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து டிடி ஃப்ரீ டிஷ். பிரசார் பாரதி 2004 முதல் நடத்தும் இந்தச் சேவைக்கு மாதச் சந்தா கிடையாது. டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். நான்கு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருப்பதாகத் துறையினர் மதிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டைவிட வட மாநிலங்களின் கிராமங்களிலும் உழைக்கும் மக்களின் குடியிருப்புகளிலும்தான் இது அதிகம். இதில் தனியார் சேனல்களுக்கான இடம் 2011 முதல் ஏலத்தில் போகிறது. 2019இல் வந்த ஏல விதிப்படி, இந்திப் பொழுதுபோக்குச் சேனல்களுக்கான ஏலம் தொடங்கிய விலையே ஆண்டுக்கு 15 கோடி ரூபாய்.

அந்த இடத்துக்கு என்ன மதிப்பு என்பதற்கு அதே ஆண்டு ஒரு சான்று கிடைத்தது. 2019 மார்ச்சில் ஸ்டார், ஜீ, சோனி, வயாகாம் ஆகிய நான்கு பெரிய குழுமங்களும் ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து தங்கள் இந்திப் பொழுதுபோக்குச் சேனல்களை விலக்கிக்கொண்டன. அங்கேயே இருந்த டங்கல் என்ற சேனல், பழைய தொடர்களை ஓட்டியே சில மாதங்களில் பார்வையாளர் பட்டியலின் உச்சிக்கு வந்தது. மக்கள் விரும்புவதைத்தான் காட்டுகிறோம் என்று சேனல் முதலாளிகள் சொல்வார்கள். கையெட்டும் இடத்தில் இருப்பதைத்தான் மக்கள் பார்க்கிறார்கள் என்பதை டங்கல் காட்டியது.

அந்த இடத்தில் இன்று இருப்பவர்கள் யார்? 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வு நாளிதழ், டிவி, இணையம், வார மாத இதழ்கள் என்று எல்லாவற்றிலும் 121 தலைமைப் பொறுப்புகளைக் கணக்கெடுத்தது. அவற்றில் 106 பேர் உயர்த்திக்கொண்ட சாதியினர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. 1920இல் பாபாசாகேப் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது, அதன் விளம்பரத்தைக் காசு கொடுத்தும் வெளியிட மறுத்தது திலகரின் ‘கேசரி’. ஆனால் அச்சில் நமக்கு ஒரு வழி இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். இடம் தராதவர்களிடம் கெஞ்சாமல் அவர்கள் சொந்தமாக ஏடு நடத்தினார்கள். வானில் அப்படிச் சொந்தமாக ஓர் அலைக்கற்றையை உண்டாக்கிக்கொள்ள முடியாது. இருப்பதில் பங்கு கேட்டுத்தான் ஆக வேண்டும். வெளிச்சம் டிவியோ, நாக்பூரின் லார்ட் புத்தா டிவியோ, ஆவாஸ் இந்தியாவோ, நம் தரப்பில் எழும் எந்தச் சேனலும் நிகழ்ச்சி தயாரிப்பதோடு நின்றுவிட முடியாது. வீடு வரை போய்ச் சேர்வது தனிப் போராட்டம்.

பங்கு கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 1995 பிப்ரவரி 9 அன்று, வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில், அலைக்கற்றைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றின் பயன்பாட்டைப் பொது நலன் கருதி முறைப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமையை யாராவது ஏலம் விடுவார்களா?

ஒதுக்கீடு என்பதும் இந்தத் துறைக்குப் புதிதில்லை. 1995ஆம் ஆண்டின் கேபிள் சட்டத்தின் 8ஆம் பிரிவு, அரசு அறிவிக்கும் தூர்தர்ஷன் சேனல்களையும் நாடாளுமன்றச் சேனல்களையும் ஒவ்வொரு கேபிள்காரரும் கட்டாயம் கொண்டுபோக வேண்டும் என்கிறது. அரசுக்கு இட ஒதுக்கீடு உண்டு. அதை யாரும் தகுதிக் குறைவு என்று சொல்வதில்லை. கனடாவில் 1999 செப்டம்பரில் தொடங்கிய ஏபிடிஎன் என்ற பூர்வகுடி மக்களின் சேனலை அடிப்படைத் தொகுப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. சந்தாதாரர் ஒவ்வொருவரின் கட்டணத்திலிருந்தும் சில காசுகள் அந்தச் சேனலுக்குப் போகின்றன. இங்கே சின்னச் சேனல் கேபிள்காரருக்குப் பணம் கட்ட வேண்டும். அங்கே பணம் சேனலை நோக்கி வருகிறது.

“யூடியூப் இருக்கும்போது டிவி எதற்கு?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் குரல் இன்று கேட்கிறது என்றால் அதற்கு யூடியூப் பெரிய காரணம். ஆனால் அங்கேயும் யார் படம் யார் திரையில் முதலில் வரும் என்பதை ஒரு நிறுவனத்தின் நிரல்தான் முடிவு செய்கிறது; அந்த விதியை நாம் பார்க்கக்கூட முடியாது. நம் காணொலிகளைப் பெரும்பாலும் நம்மவர்களே பார்க்கிறோம். என் அம்மா நூறு நாள் வேலை முடிந்து வந்து போடுவது டிவியைத்தான். ஊர்த்தெருவில் இருப்பவரும் அதைத்தான் போடுகிறார். அவர் தற்செயலாக நம்மைப் பார்த்துவிடும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

நான் கேட்பது மூன்று. ஒன்று, ஃப்ரீ டிஷ்ஷில் கூடுதல் இடம் உருவாகும் ஒவ்வொரு முறையும், அதில் ஒரு பங்கு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் சேனல்களுக்கு ஏலமின்றித் தரப்பட வேண்டும். தேர்வு செய்யும் குழு அமைச்சகத்தின் கையில் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த இடமும் ஆளுங்கட்சியின் இன்னொரு சேனலாகிவிடும். இரண்டு, கேரேஜ் கட்டண விலக்கு பெரியவர்களுக்கு இருப்பதுபோல் தொடக்க ஆண்டுகளில் இச்சேனல்களுக்கும் வேண்டும். மூன்று, சமூகநீதி பேசும் தமிழ்நாடு அரசின் கையில் அரசு கேபிள் நிறுவனம் இருக்கிறது. டெல்லிக்காகக் காத்திராமல் அதில் தொடங்கலாம். எந்தச் சேனலுக்கு எந்த விதியில் இடம் தருகிறோம் என்பதைப் பொதுவில் வெளியிடட்டும். இதில் சட்டச் சிக்கல் ஏதும் இருந்தால் அதையும் சொல்லட்டும்.

கேபிள்காரர் சொன்ன காரணத்தை அப்பா நம்பினார். அண்ணன்கள் நம்பவில்லை, கம்பத்தில் ஏறி லைனைப் பார்த்தார்கள். ஆம்ப்ளிஃபயர் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. இனி யாராவது “இடம் அவ்வளவுதான்” என்று சொன்னால், தோழர்களே, முதலில் லைனைப் பார்ப்போம்.