ஷாக் ட்ரீட்மென்ட்: மூளையில் என்னதான் நடக்கிறது?

சினிமாவில் நோயாளி விழித்திருக்கும்போதே கரன்ட் கொடுப்பாங்க. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் ஈசிடி தரவே கூடாது. ஏர்பேட்டில் இருக்கும் திருப்பதி ஐஐடி மாணவருக்கும் சென்னை ஐடி ஊழியருக்கும் இதே விதிதான்.

மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் சராசரியாகச் சற்றுச் சிறிதாக இருக்கிறது. ஈசிடிக்குப் பின் அது பெரிதாவது எம்ஆர்ஐ ஸ்கேனில் தெரிகிறது. ஆனால், அதிகம் பெரிதானவரே அதிகம் குணமானார் என்று ஆய்வுகள் காட்டவில்லை. எனவே பலனை அளக்க ஸ்கேன் போதாது. தூக்கம், பசி, பேச்சு திரும்புகிறதா என்றே மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

சிகிச்சைக் கால நினைவுகள் மங்கலாம், சில திரும்பாமலும் போகலாம். ஆனால், மருந்து கைகொடுக்காமல் தற்கொலை எண்ணம் தீவிரமாகும்போது தாமதமே பெரிய ஆபத்து. சினிமா பயத்தில் மறுக்காமல், டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்க. இலவச உதவிக்கு: டெலி மானஸ், 14416.