வெந்நீரும் கரண்டும் ஒரே மெஷினில்: வாங்கலாமா?

டிஸ்கி முதலிலேயே: நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக பேங்கில் லோன் பேப்பர் பார்ப்பவன். ஒரு மெஷின் எப்படிச் சுற்றுகிறது என்பதைவிட, போட்ட காசை எத்தனை நாளில் திருப்பித் தரும் என்று கேட்டே பழகிவிட்டது. ஆகவே இதுவும் ஒரு லோன் பேப்பர் மாதிரிதான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நொய்டாவில் எங்கள் சொசைட்டியில் இருநூற்றுச் சொச்சம் வீடுகள். அதில் தமிழ்க் குடும்பங்கள் பதினொன்று. அந்தப் பதினொன்றில் ஒருவர் ஜெர்மனியில் எட்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய மெக்கானிக்கல் இன்ஜினியர். நல்ல மனுஷர். பொங்கலுக்கு எங்கிருந்தோ கரும்பு பிடித்துக்கொண்டு வருவதும் அவர்தான். போன ஜனவரியில், மூடுபனி இறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி குடிக்க வந்தவர் ஆரம்பித்தார்.

"சார், கீழே ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தறோம். அதுல மூணுல ரெண்டு பங்கு சூடாப் போய் ஆகாசத்துல கலக்குது. மேல வீட்ல அதே சூட்டைக் காசு கொடுத்து வாங்கி கீசர் போடறோம். அநியாயமா இல்ல?"

கேட்டதும் எனக்கே சுருக்கென்றுதான் இருந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஜெனரேட்டர் மட்டுமா, பக்கத்தில் இருக்கும் தாத்ரி அனல் மின் நிலையத்திலும் இதே கதைதான். நிலக்கரியில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கரண்டாகிறது. மீதியில் பெரும்பகுதி குளிரூட்டும் கோபுரத்தின் வழியே ஆவியாகப் போகிறது.

அந்த வீணாகும் சூட்டைப் பிடித்து வெந்நீருக்கும் வீட்டைக் கதகதப்பாக வைக்கவும் பயன்படுத்தினால்? அதுதான் அவர் சொன்ன மெஷின். ஃப்ரிட்ஜ் அளவு பெட்டி. உள்ளே சின்ன கேஸ் என்ஜின். குழாயில் வரும் கேஸை எரித்துக் கரண்ட் தரும், என்ஜின் சூட்டில் தண்ணீரையும் காய்ச்சும். கேஸில் இருக்கும் சக்தியில் 85 சதவீதம் வரை வேலைக்கு வந்துவிடும் என்றார்.

யோசனை புதிதல்ல. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1882-லேயே குழாய் வழியே நீராவி விற்க ஆரம்பித்துவிட்டார்கள், இன்றைக்கும் நடக்கிறது. டென்மார்க்கில் 1979-ல் வெப்ப விநியோகத்துக்கென்றே சட்டம் போட்டார்கள். கோபன்ஹேகனில் ஏறக்குறைய எல்லாக் கட்டடத்துக்கும் சூடு குழாயில்தான் வருகிறது. வீட்டளவு மெஷின் என்று பார்த்தால் ஜப்பானில் 2003-ல் ஹோண்டாவின் ஒரு கிலோவாட் கேஸ் என்ஜின் 'எகோவில்' என்ற பெயரில் வந்தது. 2009-ல் 'எனேஃபார்ம்' என்று ஃப்யூவல் செல் மெஷின் வந்தது. தொடக்க விலை 30 லட்சம் யென்னுக்கு மேல், அதில் பெரிய பங்கு அரசு மானியம். நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. ஜெர்மனியில் 2002-லிருந்து இப்படித் தயாராகும் கரண்டுக்குச் சட்டப்படி ஊக்கத்தொகை உண்டு.

ஆக, நண்பர் கற்பனையாக எதையும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்து, அந்த வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவர்.

அவர் வீட்டுக்கு ஒன்று வாங்குவதாக மட்டும் இருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சொசைட்டி கூட்டத்தில் வைத்துவிட்டார். 'ஜெனரேட்டரை எப்படியும் மாற்ற வேண்டியிருக்கிறது, சேர்த்தே செய்துவிடலாம்' என்றார். கமிட்டிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். "ஆப் தோ பேங்க் வாலே ஹைன்!" கணக்குப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில்.

சொசைட்டி பணம் என்பது சும்மா இல்லை. லிஃப்ட் ரிப்பேருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் வருஷக்கணக்காகச் சேர்த்தது. அதில் பென்ஷனில் வாழும் பெரியவர்களின் பங்கும் இருக்கிறது. கணக்கு இதோ.

முதலில் நமக்கு எவ்வளவு சூடு வேண்டும்? நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் வெந்நீர். ஜனவரியில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி என்றால் 42-க்குக் கொண்டுபோக 3.5 யூனிட். சேதாரம் சேர்த்து 4 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 32 ரூபாய். இங்கே வெந்நீர் நிஜமாகவே வேண்டியது நாலு மாதம், 120 நாள். வருஷத்துக்கு 3,840 ரூபாய்.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். உலகத்திலேயே சிறந்த மெஷினைக் கொண்டுவந்து, அது வெந்நீரை இலவசமாகவே கொடுத்தாலும், வெந்நீரில் என் வீடு மிச்சம் பிடிக்கக்கூடிய உச்சபட்சத் தொகை இந்த 3,840 தான்.

ஆனால் இலவசமாகக் கொடுக்காது, கேஸ் குடிக்கும். ஒரு கனமீட்டர் கேஸ் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 10 யூனிட் சக்தி. சின்ன என்ஜின் அதில் 2.5 யூனிட் கரண்டும் 6 யூனிட் சூடும் கொடுத்தால், 8 ரூபாய்க் கணக்கில் 68 ரூபாய் பெறும். 50 போட்டு 68. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 6 யூனிட் சூட்டையும் நாம் பயன்படுத்தினால்தான் 68. நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 4 யூனிட்தான். ஆகவே நாள் லாபம் 12 ரூபாய். வருஷத்துக்கு 1,440.

மே மாதம் அதே மெஷினைக் கரண்டுக்காக மட்டும் ஓட்டினால்? 50 ரூபாய் கேஸுக்கு 2.5 யூனிட். யூனிட் 20 ரூபாய்! 45 டிகிரி வெயிலில் அந்தச் சூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அப்பளம் பொரிக்கலாம் :-)

இறக்குமதி, வரி எல்லாம் சேர்த்து ஒரு மெஷின் 10 லட்சமாவது ஆகும் என்று நண்பரே சொன்னார். 10 லட்சத்தை 6.5 சதவீதத்தில் எஃப்.டி. போட்டால் வருஷம் 65,000. மெஷின் தருவது 1,440. என் பேங்கில் யாராவது இப்படி ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொண்டுவந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

எல்லாம் ஓடும் நேரத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஜெர்மனியில் மாதக்கணக்கில் வீட்டையே சூடாக வைக்க வேண்டும், மெஷின் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடும். என் வீட்டு வெந்நீருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், வருஷத்துக்கு 180 மணி. லோன் கேட்டு வருபவரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதுதானே: மெஷின் எத்தனை ஷிஃப்ட் ஓடும்?

சரி, தனி வீட்டுக்கு வேண்டாம், சொசைட்டி ஜெனரேட்டரிலாவது சூட்டைப் பிடிக்கலாமே? அந்த லாக் புக்கையும் எடுத்துப் பார்த்தேன். போன வருஷம் மொத்தமே 190 மணி நேரம். பெரும்பாலும் மே முதல் ஜூலை வரை. டிசம்பர், ஜனவரியில் சேர்த்து 20 மணி கூட இல்லை. சூடு வேண்டிய நேரத்தில் ஜெனரேட்டர் ஓடவில்லை, ஓடும் நேரத்தில் சூடு வேண்டாம். இவ்வளவுதான் விஷயம். 2023 அக்டோபரிலிருந்து இங்கே என்.சி.ஆரில் பெரிய டீசல் ஜெனரேட்டர்களுக்கு, கேஸையும் சேர்த்து எரிக்கும் கிட்டோ புகை குறைக்கும் கருவியோ வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. அதைச் செய்தே ஆக வேண்டும். அதோடு வெந்நீர்க் குழாயை முடிச்சுப் போட வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

2012-ல் வாடகை வீட்டில் இருந்தோம். பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருந்தார்கள். மார்கழி மாதம் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். காலை ஐந்து மணிக்குக் குளித்தே ஆக வேண்டும் அவருக்கு. குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கில் நியூஸ்பேப்பரை அடைத்து வைத்ததே நான்தான். பத்து நிமிஷம் கழித்து வாளி உருளும் சத்தம். நல்ல வேளை, தாழ்ப்பாள் போடவில்லை. வெளியே தூக்கி வந்து பால்கனியில் உட்கார வைத்தோம். "என்னமோ தலையைச் சுத்திச்சுப்பா, ஒண்ணுமில்ல, சமையலைப் பாருங்க" என்றார். டாக்டர்தான் சொன்னார், கார்பன் மோனாக்சைடு என்று. மணம் கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று நினைக்கவே இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

ஒழுங்காக மாட்டிய மெஷினில் புகை வெளியேதான் போகும், நண்பரும் அதைத்தான் சொல்வார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒழுங்காக மாட்டுகிறவர், வருஷாவருஷம் வந்து சோதிக்கிறவர், ஸ்பேர் பார்ட் வைத்திருக்கிறவர் எல்லாம் ஜெர்மனியில் இருக்கிறார்கள். நமக்கு வருவது, ஏ.சி. ரிப்பேர் செய்யும் பையன்தான். கேஸ் எரியும் எதையும் வீட்டுக்குள் வைப்பதாக இருந்தால் இதை முதலில் யோசியுங்கள். பாத்ரூமில் கேஸ் கீசர் இருப்பவர்கள் இந்தக் குளிர்காலத்துக்கு முன் தயவுசெய்து வெளியே மாற்றிவிடுங்கள்.

அப்படியென்றால் இந்த மெஷினே உதவாக்கரையா? இல்லவே இல்லை. நம்மூர் சர்க்கரை ஆலைகளைப் பாருங்கள். கரும்புச் சக்கையை எரித்து, கரண்ட் எடுத்து, மீதி நீராவியில் சாறு காய்ச்சி, மிஞ்சும் கரண்டை விற்கிறார்கள். இருபத்திநாலு மணி நேரமும் கரண்டும் வெந்நீரும் வேண்டிய ஆஸ்பத்திரி, பெரிய ஹோட்டல், பால் பண்ணை, சாயப்பட்டறை இவற்றுக்கெல்லாம் இது பொருந்தும். வெயில் காலத்தில் அந்தச் சூட்டை வைத்தே ஏ.சி. ஓட்டும் வழியும் இருக்கிறது. ஒரு அபார்ட்மெண்ட் வீட்டுக்கு மட்டும் பொருந்தாது.

என் யோசனை இதுதான். இங்கே ஃபிளாட்டில் இருப்பவர்கள் நல்ல ஸ்டார் ரேட்டிங் உள்ள கரண்ட் கீசர் வாங்கி, குளிப்பதற்கு இருபது நிமிஷம் முன்னால் போட்டு, மறக்காமல் அணையுங்கள். ஹீட் பம்ப் நல்ல சாமான்தான், மூன்றில் ஒரு பங்கு கரண்டில் வேலை முடியும். ஆனால் வருஷத்துக்கு நாலு மாதக் குளியலுக்கு அதுவும் அதிகம். சொசைட்டிகள் பொது விளக்கு, லிஃப்ட், மோட்டாருக்கு மொட்டை மாடியில் சோலார் போடலாம். 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் இதற்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் நல்லது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 மானியம். தூரத்தில் இருந்துகொண்டு அப்பா அம்மாவுக்குச் செய்யக்கூடிய உருப்படியான காரியங்களில் இது ஒன்று. சுற்றுகிற பாகமும் இல்லை, எரிகிற கேஸும் இல்லை.

கூட்டத்தில் யோசனை தோற்றது. நண்பர் இரண்டு வாரம் லிஃப்டில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. எல்லோரும் மாடி விரிசலைப் பற்றி மட்டுமே சண்டை போடும் கூட்டத்தில், வீணாகிற சூட்டைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான். அந்தக் கவலை சரி, மருந்துதான் வேறு.

போன மாதம் அவரே வந்து பெல் அடித்தார். கையில் ஒரு பேப்பர். மொட்டை மாடி அளவு, நிழல் விழும் இடம், எத்தனை கிலோவாட் வரும் என்று வரைந்திருந்தார்.

"இந்தக் கணக்கைப் பாருங்க சார். இதுலயாவது தப்புக் கண்டுபிடிக்காதீங்க" என்றார்.

பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை தப்பு எதுவும் தட்டுப்படவில்லை.