கொடை குறைகிறது, உரிமை வரவில்லை: வடசென்னைத் தலித் கத்தோலிக்க இளைஞர்களின் கணக்கு

இராயப்பர் எனத் தமிழ்க் கத்தோலிக்கர் அழைக்கும் புனித பேதுருவின் பெயராலேயே இராயபுரம் வழங்குகிறது என்பர். அங்கிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும் குடியிருப்புகளில் கத்தோலிக்கப் பங்குகளின் இளைஞர் பணி பலருக்கும் பழக்கமானது. மாலை நேர வகுப்பு, கணினிப் பயிற்சி, கால்பந்து, கோடை முகாம், கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி எனப் பல வடிவங்களில் அது நடக்கிறது. இத்தகைய பணிகள் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையை மட்டும் நம்பி நடப்பவை அல்ல. துறவற சபைகளும், 1958இல் செருமானிய ஆயர்கள் தொடங்கிய மிசெரியோர் போன்ற வெளிநாட்டு அமைப்புகளும் இந்தியத் திருச்சபையின் சமூகப் பணிகளுக்குப் பல்லாண்டுகளாக நிதி அளித்து வந்துள்ளன.

இந்தக் கொடையைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. அரசு தர மறுத்த எந்த உரிமையின் இடத்தை இது நிரப்பி வந்தது?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை)ச் சட்டம், 2010, 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டு நிதி முதலில் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக்கே வர வேண்டும் என்றாயிற்று. எல்லாவற்றையும்விடக் கடுமையானது 7ஆம் பிரிவின் திருத்தம். பதிவு பெற்ற ஓர் அமைப்பு, தான் பெற்ற நிதியை பதிவு பெற்ற இன்னோர் அமைப்புக்குக்கூட மாற்றித் தர முடியாது.

இதன் பொருள் எளிது. ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதவும், தணிக்கையாளரை வைத்துக்கொள்ளவும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வசதி படைத்த பெரிய அமைப்புகள் தாக்குப்பிடிக்கும். அவற்றின் வழியாக நிதி பெற்று வந்த சேரிப்பகுதிச் சிறு அமைப்புகளுக்கு வாசல் அடைபடும். நோயல் ஹார்ப்பர் வழக்கில் 2022 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் இத்திருத்தங்களைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமை அல்ல என்றும் கூறியது.

"மதமாற்றப் பணம்" என்ற குற்றச்சாட்டு இங்கே உடனே எழும். ஆனால் சமூகம், கல்வி, பொருளாதாரம், பண்பாடு ஆகியவற்றோடு சமயத்தையும் அனுமதிக்கத்தக்க நோக்கமாக அச்சட்டமே ஏற்கிறது. மேலும், தலைமுறைகளாகக் கத்தோலிக்கராக இருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதில் மாறுவதற்கு எந்த மதமும் இல்லை.

இனி உரிமையின் பக்கம் வருவோம். எழும்பூர் காந்தி–இர்வின் பாலச் சாலையோரம் செருப்புத் தைத்து வந்த ஆதிதிராவிடத் தொழிலாளி ஒருவர் கிறித்தவர் என்பதால், பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக அளித்த பெட்டிக்கடை அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் தொடுத்த சூசை வழக்கில் 1985 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, இழிவும் பின்தங்கிய நிலையும் புதிய சமயத்திலும் அதே அளவு கொடுமையாக நீடிப்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. ஒடுக்குகிறவர் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, ஒடுக்கப்பட்டவரே தம் காயத்தை அளந்து காட்ட வேண்டும் என்பதே இதன் விளைவு.

1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணையின் 3ஆம் பத்தி 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்தது. கிறித்தவத் தலித்துகளுக்கும் முசுலிம் தலித்துகளுக்கும் இன்றும் மூடியே இருக்கிறது. இரங்கநாத் மிசுரா ஆணையம் 2007இல் அப்பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர்க்குச் சில கல்வி உதவிகள் உண்டு என்பது உண்மை. ஆனால் இடஒதுக்கீட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். சாதி சொல்லி அடித்தாலும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. ஆக, அரசு ஒரு கையால் உரிமையை மறுக்கிறது, மறு கையால் அந்த இடத்தை ஓரளவு நிரப்பிய கொடையையும் இறுக்குகிறது.

திருச்சபையையும் நாம் விட்டுவிட முடியாது. 2003இல் இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடமே சாதியைக் கண்டித்துப் பேசினார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டுத் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானது 2022இல்தான். "கத்தோலிக்க இளைஞர்" என்ற பொதுப்பெயரில் கணக்கு எழுதினால் யாருக்கு எவ்வளவு சென்றது என்பது தெரியாது. சாதியைக் கேட்காத கணக்கு சாதியை ஒழிப்பதில்லை, மறைக்கிறது.

இளைஞர் பணி என்பதன் பொருளும் சுருங்கிவிட்டது. 1925இல் பெல்சியத்தில் இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய யோசேப் கார்தைன், ஆலை இளைஞர்களுக்குச் சொன்ன வழி, பார், ஆராய்ந்து தெளி, செயல்படு என்பது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாத இறுதியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினர். இங்கே "பார்" என்பது காற்றையும் நீரையும் ஒப்பந்தத் தொழிலாளியின் ஊதியச் சீட்டையும் பார்ப்பதுதான். வெளிநாட்டு நிதி போனால் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்பார்கள். நச்சுப்புகை விடும் ஆலையிடம் கைநீட்டும் இளைஞர் மன்றம், அந்த ஆலைக்கு எதிராக எந்தத் துணிவில் மனு எழுதும்?

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. 3ஆம் பத்தி நீக்கப்பட வேண்டும். பதிவு பெற்ற அமைப்புகளுக்கிடையே நிதி மாற்றத்துக்கான முழுத்தடை விலக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் இளைஞர் பணிக்கான வரவு செலவு, தலித் பங்கு எவ்வளவு என்ற விவரத்துடன் ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். நிதி குறித்து முடிவெடுக்கும் குழுவில் தலித் இளைஞரும் இளம்பெண்களும் அமர வேண்டும்.

முதலிரண்டும் தில்லியில் முடிவாக வேண்டியவை. மூன்றாவதற்கு நாடாளுமன்றம் தேவையில்லை. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு மாணவர் எழுந்து கணக்கைக் கேட்டால் போதும், அது தொடங்கிவிடும்.