வாள் இருக்கு... வெட்ட பட்டன் எங்கே?

“வாள் வாங்கியாச்சு. வெட்டறதுக்கு எந்த பட்டனை அழுத்தணும்?”

“எதையும் அழுத்த வேண்டாம். ஓடிப்போய் எதிரி மேல மோது!”

‘ஈஸ்’ என்ற ஜப்பானிய கேமை இன்று முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்கும் அதை ஏற்கெனவே ஆடி முடித்தவருக்கும் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படித்தான் ஆரம்பிக்கும். 1987-ல் நிஹான் ஃபால்காம் நிறுவனம் வெளியிட்ட இந்த கேமில் சிவப்புத் தலைமுடி அடோல்தான் ஹீரோ. அவர் கையில் வாள் உண்டு. அதைச் சுழற்ற பட்டன் மட்டும் கிடையாது. கிடா முட்டுவது போல எதிரி மேல் போய் மோத வேண்டும். அதுதான் வெட்டு, அதுதான் சண்டை.

பழைய ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. கேம்களில் இப்படி விநோதமான சண்டை முறைகள் நிறைய. ஒரு பாத்திரமாக மாறி ஊர் ஊராகத் திரிந்து, நாமே நேரடியாகச் சண்டை போட்டு, லெவல் ஏற்றிக்கொண்டே போகும் வகை அது. ‘சண்டைன்னா இப்படித்தான்’ என்று ஒரு பொது இலக்கணம் உருவாகாத காலம். ஆளாளுக்கு ஒன்றைச் செய்து பார்த்தார்கள். இன்றைக்கும் அவை தேறுமா? அல்லது, சின்ன வயதில் ஆடியவர்களின் பாசம்தான் அவற்றைத் தூக்கிப் பிடிக்கிறதா?

வீட்டில் அப்பா “அந்தக் காலத்து கேம் மாதிரி வருமா?” என்பதும், பிள்ளை ஐந்து நிமிடம் ஆடிவிட்டு “போர்ப்பா!” என்று போனைத் திருப்பித் தருவதும் வழக்கமாக நடப்பதுதான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எந்த கேமில் யார் பக்கம் அதிகம் என்பதை மூன்று கேம்களை வைத்துப் பார்த்துவிடலாம்.

முட்டுவதிலும் ஒரு சூட்சுமம்

மோதிச் சண்டை போடுவதை ‘ஈஸ்’ கண்டுபிடிக்கவில்லை. 1980 வாக்கில் வந்த ‘ரோக்’ கேமிலேயே அரக்கன் நிற்கும் கட்டத்தை நோக்கி நகர்ந்தால் அது தாக்குதலாகிவிடும். 1984-ல் நாம்கோவின் ‘டவர் ஆஃப் ட்ருவாகா’வில் பட்டனை அழுத்தி வாளை நீட்டியபடியே எதிரியை நோக்கி நடக்க வேண்டும். அதே வருடம் வந்த ‘ஹைட்லைட்’டில் பட்டனை அழுத்திப் பிடித்தால் தாக்கும் பலம் கூடும், தற்காப்பு குறையும்.

‘ஈஸ்’ அந்த ஒரு பட்டனையும் தூக்கிவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு விதி வைத்தது. எதிரியோடு நேருக்கு நேர், நெற்றிக்கு நெற்றி மோதினால் உங்களுக்கும் அடி விழும். அரை உடம்பு விலகி, ஓரமாக மோதினால் அவனுக்கு மட்டும் அடி. பின்னாலிருந்து போய் மோதினாலும் நமக்குச் சேதமில்லை.

சடுகுடு ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாடிப் போகிறவர் கையில் ஆயுதம் எதுவும் கிடையாது. எந்தக் கோணத்தில் நுழைகிறார், எங்கே தொடுகிறார், எப்படி விலகுகிறார் என்பதில்தான் திறமை. ‘ஈஸ்’ சண்டையும் அதே மாதிரி முழுக்க முழுக்க நிற்கும் இடத்தைப் பற்றியது.

முதல் பத்து நிமிடம் எரிச்சலாகத்தான் இருக்கும். நேராகப் போய் முட்டுவீர்கள், சாவீர்கள். பிறகு கை பழகிவிடும். எதிரி திரும்பும் நேரம் பார்த்து, கொஞ்சம் விலகி, ஓட்டம் நிற்காமலேயே அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு போவீர்கள். நடப்பதும் சண்டை போடுவதும் ஒரே அசைவு. அதனால் ஆட்டத்தில் ஒரு வேகம் வந்துவிடுகிறது. வெட்ட வெளியில் அசையாமல் நின்றால் உயிர் தானாக ஏறும். மொத்தமே 10 லெவல்தான். பழைய கேம்கள் என்றாலே மாதக்கணக்கில் இழுக்கும் என்ற பயமும் இங்கே தேவையில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. பெரிய எதிரிகள், அதாவது பாஸ்கள் வரும்போது இந்த முறை மூச்சு வாங்குகிறது. ஒரு பாஸ் வௌவால் கூட்டமாகச் சிதறிப் பறக்கும். அது ஒன்றுசேரும் நொடி பார்த்து மோத வேண்டும். உங்கள் லெவல் போதவில்லை என்றால் மோதியும் பலன் இராது. கடைசி எதிரி டார்க் ஃபாக்ட்டோ, மோதிச் சண்டை போடுகிறவனின் காலடித் தரையையே பறிப்பான். அடி விழ விழ, நிற்கும் தரை துண்டு துண்டாக மறையும். இந்தக் குறை ஃபால்காமுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வருடமே வந்த ‘ஈஸ் 2’-ல் தூரத்திலிருந்து எறிய நெருப்பு மந்திரத்தைக் கொடுத்துவிட்டார்கள். பாஸ் சண்டைகளில் அதற்குத்தான் முக்கிய வேலை.

1989-ல் ‘ஈஸ் 3’ வந்தபோது பக்கவாட்டுப் பார்வைக்கு மாறி, வாள் வீச பட்டனும் வந்துவிட்டது. பின்னாளில் பழைய பாகங்களைப் புதுப்பித்தபோதுதான் சுவாரஸ்யமான விஷயம் நடந்தது. 2005-ல் மூன்றாம் பாகத்தை எடுத்து, பார்வை, சண்டை எல்லாவற்றையும் அடியோடு மாற்றிப் புதிதாகக் கட்டினார்கள். 1997-ல் முதல் பாகத்தையும் 2009-ல் முதல் இரண்டு பாகங்களையும் புதுப்பித்தபோது படங்கள் மாறின, இசை மெருகேறியது. முட்டுவதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஏனென்றால் அதை எடுத்தால் கேமே நிற்காது. எதிரிகள் நிற்கும் இடம், பாதைகளின் அகலம், ஓட்டத்தின் வேகம் எல்லாமே மோதுவதை நம்பித்தான் அமைந்திருக்கின்றன. வீட்டுக்கு நடுவில் நிற்கும் தூண் பழசாக இருக்கிறது என்று பிடுங்கினால் என்ன ஆகும்?

நூறு வரும் வரை பொறு

அடுத்தது 1993-ல் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட ‘சீக்ரெட் ஆஃப் மானா’. இதில் பட்டன் உண்டு, வாள் சுழலும். ஒருமுறை சுழற்றியதும் திரையின் கீழே சதவீத எண் ஒன்று இறங்கிப்போய், மறுபடி 100 நோக்கி ஏறும். 100 ஆவதற்குள் அவசரப்பட்டு அடித்தால் அந்த அடியில் பலமே இருக்காது.

இன்றைய பிள்ளைகள் இதில்தான் முதலில் தடுமாறுகிறார்கள். பட்டனைப் படபடவென்று தட்டினால் சரமாரியாக வெட்டு விழும் கேம்களில் பழகிய விரல்கள். இங்கே தட்டத் தட்ட எதிரிக்குக் கீறல்கூட விழாது. “பட்டன் வேலை செய்யலை” என்று தோன்றும்.

அடி, விலகு, சுற்றி வா, எண் ஏறட்டும், மறுபடி அடி. இதுதான் தாளம். தனியாக ஆடும்போது அந்தக் காத்திருப்பு சில சமயம் அலுப்பாக இருக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால், இந்த கேமை மூன்று பேர் வரை சேர்ந்து ஆடலாம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்ததும் அதே காத்திருப்பின் அர்த்தம் மாறிவிடுகிறது. ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் தூக்கும்போது மற்றவர் இறக்குவார். உங்கள் எண் ஏறும் நேரத்தில் தங்கை அடிப்பாள், அவள் எண் ஏறும்போது நீங்கள் அடிப்பீர்கள். “இப்ப நீ... இப்ப நான்!” என்று சத்தம் போட்டு ஆடுவதற்கென்றே செய்தது போல இருக்கும்.

சறுக்கல்களும் உண்டு. ஆயுதம் எதிரி மேல் பட்டது போலத் தெரிந்தும் சில சமயம் அடி விழாது. யாராவது மந்திரம் போட்டால் அது முடியும் வரை மொத்த ஆட்டமும் நின்று வேடிக்கை பார்க்கும். ஆக, தனியாக ஆடினால் பாதி மதிப்பெண். கூட்டாக ஆடினால் முழு மதிப்பெண்.

கண் சொல்வது ஒன்று, கணக்கு சொல்வது ஒன்று

மூன்றாவது, பெதஸ்டா நிறுவனத்தின் ‘மோரோவிண்ட்’. 2002-ல் வந்தது. மிகப் பெரிய தீவு, எங்கு வேண்டுமானாலும் போகலாம், யாரோடும் பேசலாம். முப்பரிமாண உலகில் ஹீரோவின் கண் வழியாகவே பார்க்கிறோம். சண்டைதான் இதில் பஞ்சாயத்து.

கண்ணெதிரே ஒரு சின்னப் பிராணி நிற்கிறது. கத்தியை வீசுகிறீர்கள். கத்தி அதன் உடம்பின் ஊடாகப் போவது தெரிகிறது. ஆனால், அடி விழவில்லை. மறுபடி வீசுகிறீர்கள், மறுபடியும் இல்லை. காரணம், ஒவ்வொரு வீச்சுக்கும் உள்ளே ஒரு தாயம் உருளுகிறது. அந்த ஆயுதத்தில் உங்கள் பாத்திரத்துக்கு எவ்வளவு தேர்ச்சி, எவ்வளவு சுறுசுறுப்பு, எவ்வளவு களைப்பு, கொஞ்சம் அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்துதான் அடி விழுமா விழாதா என்று முடிவாகும். ஓடினால் களைப்பு ஏறும். புதிதாக ஆடுபவர் எதிரியைப் பார்த்ததும் ஓடிப்போய் வெட்டத்தான் பார்ப்பார். ஓடியதாலேயே அவர் வீச்செல்லாம் வீணாகும். இது அவருக்குத் தெரியாது.

தாயம் உருட்டுவது தப்பில்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காகிதமும் தாயமுமாக ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ காலத்திலிருந்து, அதாவது 1974-லிருந்து வரும் மரபு அது. 1998-ல் வந்த ‘பால்டர்ஸ் கேட்’டிலும் தாயம்தான். அதில் யாரும் இப்படிக் கோபப்பட்டதில்லை. அங்கே நாம் உயரத்திலிருந்து பார்த்தபடி ‘அவனைத் தாக்கு’ என்று கட்டளை மட்டும் தருகிறோம். குறி தவறினால் தவறவிட்டது பாத்திரம். மோரோவிண்டில் வீசியது நம் கை, பட்டதைப் பார்த்தது நம் கண். அதன் பிறகு ‘படவில்லை’ என்று கணக்கு வந்து சொன்னால் கோபம் வராதா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே கூடமும் கொஞ்சம் கோணல்தான்.

மோரோவிண்டை நேசிப்பவர்களிடம் ஒரு வலுவான பதில் இருக்கிறது. தொடக்கத்தில் எதுவும் தெரியாத ஆளாக இருந்து, பயிற்சி ஏற ஏற வீச்செல்லாம் விழ ஆரம்பிக்கும்போது கிடைக்கும் நிறைவு வேறு கேமில் வராது என்பார்கள். உண்மைதான். 2006-ல் வந்த அடுத்த பாகமான ‘ஆப்ளிவியன்’ அந்தத் தாயத்தை எடுத்துவிட்டது. வாள் பட்டால் அடிதான். முதல் நாள் சிறையிலிருந்து வெளியே வந்தவரும் குறி தவறாமல் வெட்டுகிறார். எரிச்சல் போனது. கற்றுக்குட்டியாக இருந்தோம் என்ற நினைவும் அதோடு கொஞ்சம் போய்விட்டது.

எது தேறும்?

மூன்றையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. விநோதமாக இருப்பதால் எந்த முறையும் காலாவதியாகவில்லை. முட்டுவதைவிட விநோதம் என்ன இருக்கிறது? அதுதான் மூன்றிலும் நன்றாக நிற்கிறது. தோற்றபோது ‘ஏன் தோற்றேன்’ என்று கேம் நமக்குக் காட்டுகிறதா என்பதே கேள்வி.

‘ஈஸ்’ உடனே காட்டிவிடும்: நேராக மோதினாய், அதனால் அடி. அடுத்த முறை விலகி மோதுகிறோம். ‘மானா’ எண்ணைக் கண்ணெதிரே வைத்திருக்கிறது, பார்க்கப் பழக வேண்டும். மோரோவிண்ட் காரணத்தை உள்ளே பூட்டி வைத்துக்கொள்கிறது. சாவி கிடைத்தவர்கள் காலத்துக்கும் அதைக் கொண்டாடுகிறார்கள். கிடைக்காதவர்கள் முதல் பிராணியோடு மூடிவைத்துவிடுகிறார்கள்.

முட்டும் முறையின் உறவுக்காரர்களை நீங்களே உங்கள் போனில் ஆடியிருக்கலாம். 2019-ல் வந்த ‘ஆர்ச்செரோ’வில் சுட பட்டன் கிடையாது. நகர்ந்தால் அம்பு போகாது, நின்றால் தானாகப் போகும். 2022-ல் முழுமையாக வெளியான ‘வாம்பயர் சர்வைவர்ஸ்’ஸில் ஆயுதங்கள் தாமாகவே வேலை செய்யும். நம் வேலை நடப்பது மட்டும். கண்ணாடித் திரையில் நிஜ பட்டன் இல்லை. கட்டைவிரல் வைத்தால் பாதி திரை மறைகிறது. அப்போது ‘எங்கே நிற்கிறாய்’ என்பதே சண்டையாகிறது. அடோல் 1987-ல் செய்துகொண்டிருந்ததும் அதைத்தான்.

ஆகவே, பழைய கேமைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது கூடவே இந்த மூன்று வரிகளையும் சொல்லிக் கொடுங்கள்.

‘ஈஸ்’: முதல் ஊரில் வாளும் கவசமும் வாங்கி அணிந்துகொள்ளாமல் வெளியே போகாதே. எப்போதும் ஓரமாக மோது. உயிர் குறைந்தால் வெட்ட வெளிக்கு வந்து அசையாமல் நில்.

‘சீக்ரெட் ஆஃப் மானா’: தட்டிக்கொண்டே இருக்காதே, 100 வரட்டும். முடிந்தால் யாரையாவது பக்கத்தில் உட்கார வை.

‘மோரோவிண்ட்’: உன் பாத்திரத்துக்கு எந்த ஆயுதத்தில் தேர்ச்சி அதிகமோ, அதை மட்டும் எடு. சண்டைக்கு ஓடிப் போகாதே, நடந்து போ. பச்சைப் பட்டை நிறைந்திருக்கும்போது மட்டும் வீசு. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சரிப்படும்.

அரை மணி நேரம் கழித்தும் “போர்ப்பா” என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். ஆனால், அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்காமல் ‘பழசு’ என்று ஒதுக்கினால், ஓடிக்கொண்டே இடித்துத் தள்ளும் அந்த வேகம் கைக்கு வராமலே போய்விடும்.

உங்கள் வீட்டில் இந்த வாக்குவாதத்தைக் கிளப்பிய பழைய கேம் எது? கமென்ட்டில் சொல்லுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்!