ட்றிப் சுவிச் ஏன் விழுகிறது?



கடந்த மாரியில், வாழ்வாதாரக் கடன் பெற்ற குடும்பங்களைப் பார்க்கக் கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு அக்கா தோசையும் வடையும் செய்து கடைகளுக்குக் கொடுத்து, மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். கணவர் 2009இல் காணாமற்போனவர். கடனில் வாங்கிய கிரைண்டர்தான் அந்த வீட்டின் வருமானம்.

என்னைக் கண்டதும் அவர் குறைப்பட்டார். "மிஸ், இந்த ட்றிப் சுவிச் என்ர பிழைப்பைக் கெடுக்குது. விடிய நாலு மணிக்கு மா அரைக்கத் தொடங்கினால் டக்கெண்டு விழுந்திடும். பக்கத்து வீட்டுத் தம்பி நாளைக்கு அதைக் கழட்டிப்போட்டு வயரை நேரே குடுக்கிறன் எண்டவர்."

எனக்குத் திக்கென்றது. நான் படித்தது சமூகவியல்; மின்சாரம் அல்ல. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வயரிங் வேலைக்கு வந்த ஒருவர் சொல்லித்தந்த முறை நினைவில் இருந்தது. எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டுச் சுவிச்சை மேலே தள்ளினோம், நின்றது. பிறகு ரேடியோ, ஃபான், அயன் என ஒவ்வொன்றாகப் போட்டோம். விழவில்லை. கடைசியாகக் கிரைண்டரைப் போட்டோம். அதுவும் சுற்றியது, சுவிச் விழவில்லை.

"பாத்தியளே, சுவிச்சிலதான் பிழை" என்றபடி அக்கா கிரைண்டரில் கைவைக்கப் போனார்.

"தொடாதேங்கோ அக்கா! சுவிச் எப்ப விழுறது எண்டு சொல்லுங்கோ."

கொஞ்சம் யோசித்தார். "மாவைத் தள்ளக் கை வைக்கேக்கதான். கை விறைக்கிற மாதிரி இருக்கும். உடன கரண்ட் போயிடும்."

அவர் ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்றிருந்தார்.

மெயின் சுவிச்சை நிறுத்தி, கிரைண்டரின் பிளக்கைக் கழற்றித் திறந்து பார்த்தோம். உள்ளே எர்த் வயர் அறுந்திருந்தது. கழுவும்போது மோட்டருக்குள் தண்ணீர் போயிருந்ததைத் திருத்துபவர் பின்னர் கண்டுபிடித்தார். மின்சாரம் கிரைண்டரின் உடம்புக்குக் கசிந்திருக்கிறது. எர்த் சரியாக இருந்திருந்தால், பிளக்கைப் போட்டவுடனேயே சுவிச் விழுந்திருக்கும். அது அறுந்ததால், அக்காவின் உடம்பு வழியாகவே மின்சாரம் தரைக்குப் போயிருக்கிறது.

ட்றிப் சுவிச், வீட்டுக்குள் போகும் மின்சாரத்தையும் திரும்பி வரும் மின்சாரத்தையும் ஒப்பிடுகிறது. வீடுகளில் வழக்கமாகப் பொருத்தும் சுவிச், வித்தியாசம் 30 மில்லியம்பியரை எட்டுமுன்பே அல்லது எட்டியதும் நொடிப்பொழுதில் துண்டித்துவிடும். 60 வாற் குண்டு பல்ப் எடுக்கும் மின்சாரத்தில் இது எட்டிலொரு பங்குகூட இல்லை. அக்கா திட்டிய அந்தச் சுவிச்தான், விழுந்த ஒவ்வொரு முறையும் பிள்ளைகளுக்குத் தாயைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் சுவிச் விழுந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

1. எந்தச் சாமானையாவது தொடும்போது கை விறைத்தால், மீண்டும் தொட்டுப் பார்க்க வேண்டாம். மெயின் சுவிச்சை நிறுத்திய பிறகே அதன் பிளக்கைக் கழற்றுங்கள்.

2. மற்ற வேளைகளில், காலில் செருப்புடன், உலர்ந்த கைகளால் எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். சாமானின் சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது.

3. எல்லாம் கழற்றியும் ட்றிப் சுவிச் நிற்காவிட்டால் பழுது வயரிங்கில் இருக்கலாம். நனைந்த சுவர், எலி கடித்த வயர் போன்றவை காரணமாகலாம். தொழில் தெரிந்த மின்வேலையாளரை அழையுங்கள்.

4. நின்றால், ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, அதைத் திருத்தும்வரை பாவிக்க வேண்டாம்.

5. மாதம் ஒருமுறை சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் அது பழுது, மாற்றவேண்டும்.

வன்னியில் நம்மில் பலர் குப்பி விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தவர்கள். மின்சாரம் நமக்குப் புதிது. "உங்களுக்கு இது விளங்காது" என்ற பேச்சோ பழையது. தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு அந்தப் பேச்சு உயிராபத்தாகவும் முடியலாம்.

கிரைண்டர் இப்போது புது எர்த் வயருடன் சுற்றுகிறது. மறுநாள் சுவிச்சைக் கழற்ற வந்த தம்பிக்கு, அது ஏன் விழுகிறது என்று அக்காவே விளக்கினாராம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.