கம்பியின் கடைசி வீடு

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பல ஆண்டுகளுக்குப் பின் மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டபோது, எங்கள் மலையூரான கோபிநத்தத்தை அடுத்த வனத்தின் ஊடே ஒகேனக்கலை நோக்கிப் பிரவகித்த காவிரியைப் பார்த்து, இவ்வருஷமாவது கீழே டெல்டாவில் இருப்பவர்கள் குறையின்றிப் பயிர் செய்வார்கள் என்று இங்குள்ள பெரியவர்கள் மனநிறைவோடு பேசிக்கொண்டார்கள். அந்த நீர் ஓடி முடியும் கடைமடைப் பிரதேசத்தின் மேல்தான், நான்கு மாதங்கள் கழித்து, நவம்பர் 16-ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அடித்த காற்று, இரண்டு தலைமுறைகள் வளர்த்த தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்துவிட்டது; லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் முறிந்தும் வளைந்தும் வயல்களிலும் வாய்க்கால்களிலும் கிடந்தன.

மின்சாரம் திரும்பி வருவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் துணைமின் நிலையங்கள், பின்னர் அவற்றை இணைக்கும் உயரழுத்தக் கம்பிகள், ஆஸ்பத்திரி, நகரத்து வீதிகள், பெரிய கிராமங்கள். இவையெல்லாம் முடிந்த பிறகே, ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து பிரிந்து வயல்களைத் தாண்டி நாலைந்து வீடுகளுக்குப் போகும் கம்பியின் முறை வரும். அதிக ஜனங்களுக்கு முதலில் வெளிச்சம் கிடைக்கட்டும் என்ற நியாயத்தில் எழுந்த ஒழுங்கு அது. அதில் நான் குற்றம் காணவில்லை. ஆனால் அதன் விளைவாக, நகரத்தில் இருப்பவனுக்குச் சில நாட்களில் தீர்ந்த கஷ்டம், ஊருக்கு வெளியே தோப்பிலும் திடலிலும் குடியிருப்பவனுக்கு வாரக்கணக்கில் நீண்டது என்பதையும், அவ்வளவு காலமும் அவனைத் தாங்கியவர்கள் அவனைப் போலவே இழந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரர்கள்தாம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

புயல் தாக்கிய பேராவூரணிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் சிற்றன்னையின் மகள், அந்த நாட்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், "வெளக்கு இல்லாதது ரெண்டாம் நாளே பழகிப்போச்சு அண்ணே, தண்ணிக்குத்தான் உசுரு போயி உசுரு வந்துச்சு" என்றே தொடங்குவாள். புயல் என்றதும் நாம் அந்தகாரத்தையே நினைக்கிறோம். ஆனால் ஆழ்குழாய்க் கிணறும் மின்மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் வந்த பிறகு, நம் கிராமங்களின் குடிநீர் பெரும்பாலும் அந்த மெல்லிய கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. குளங்களில் விழுந்த மரங்களின் தழை அழுகி நீர் கறுத்துவிட்டது. கைவிடப்பட்டுத் துருவேறியிருந்த அடிபம்புகளை நோக்கி ஜனங்கள் ஓடினார்கள். அடிபம்பு எந்தத் தெருவில் எஞ்சியிருந்ததோ அந்தத் தெரு, முன்பு வாசல் மிதியாதவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

பின்னர் ஜெனரேட்டர்கள் வந்தன. வாடகை ஏறிக்கொண்டே போனதால் தனியொரு குடும்பம் அதை அமர்த்துவது இயலாத காரியமாக இருந்தது. ஆகவே வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, டிராக்டரில் ஏற்றி வந்த இயந்திரத்தை ஊர்த் தொட்டியின் மோட்டாரோடு இணைத்து, தொட்டி நிரம்பியதும் அடுத்த ஊருக்கு அனுப்பினார்கள். கைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவதற்கும் அதே நேரந்தான். கூரை போன வீட்டில் தனித்தனியே அடுப்பு மூட்ட முடியாத பல ஊர்களில், மீந்த அரிசியையும் விழுந்த மரத்தின் தேங்காயையும் ஓரிடத்தில் சேர்த்து, சாய்ந்த தென்னையின் மட்டையையே விறகாக்கி, தெருவுக்கெல்லாம் ஒரே உலை வைத்தார்கள். தன் தோப்பு முழுவதையும் இழந்தவன் புயல் ஓய்ந்த காலையில் முதல் வேலையாக அடுத்த வீட்டு வாசலை அடைத்துக் கிடந்த மரத்தை அறுக்கப் போனான் என்று கேள்விப்படும்போது, பரோபகாரம் என்னும் குணம் செல்வத்தின் உபரியில் பிறப்பதென்று எண்ணுகிறவர்களுக்கு அந்த ஊர்களைக் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது.

மின்வாரியத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் பெருவெள்ளத்தில் மூழ்கித் தானே பிறர் கையை எதிர்பார்த்து நின்ற கேரளத்திலிருந்தும் மின்வாரியத்தார் வந்தார்கள். வண்டி இறங்க முடியாத சம்பா வயலின் சேற்றில், சிமெண்டுக் கம்பத்துக்குக் கயிறு கட்டி இழுத்தும் தோளில் சுமந்தும், கழுத்தளவு வாய்க்காலைத் தாண்டியும் அவர்கள் போனபோது, உடன் தோள் கொடுத்தவர்கள் அந்தந்த ஊர் இளைஞர்கள். சொந்த வீட்டில் கூரையில்லாத பெண்கள் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். அந்தப் பணியிலேயே உயிர் நீத்த தொழிலாளிகளும் உண்டு.

வேற்றூரிலிருந்து வந்தவர் அண்டைவீட்டார் ஆவதன் அருமை எங்கள் ஊருக்குத் தெரியும். இந்திய வனப்பணி அதிகாரியான பி. ஸ்ரீனிவாஸ் அவர்கள், வீரப்பன் பிறந்த ஊர் என்று உலகம் ஒதுக்கிய இந்தக் கோபிநத்தத்தில் வந்து தங்கி, ஏழைகளுக்கு வீடுகளும் மாரியம்மனுக்குக் கோயிலும் எழும்ப முன்னின்று உழைத்து, 1991 நவம்பரில் வீரப்பனால் கொல்லப்பட்டார். இன்றும் அவர் பெயரைச் சொல்லும்போது இங்குள்ளவர்கள் குரல் மாறுகிறது.

ஒன்றை மறைத்து எழுதினால் இந்தப் பத்தி பொய்யாகிவிடும். கஜா நிவாரணப் பொருள் பங்கீட்டிலும் முகாம்களிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்ற செய்திகள் அந்த நாட்களிலேயே வெளிவந்தன. ஊர் என்பது எந்தத் தெருவோடு முடிகிறது என்று ஜனங்கள் மனத்தில் வைத்திருக்கும் கோட்டைப் புயல் எல்லா இடத்திலும் அழித்துவிடவில்லை. கம்பி கடைசியாகச் சேரும் குடியிருப்புகள் பெரும்பாலும் யாருடையவை என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தாலே, அண்டை வீட்டாரின் அன்பை மட்டும் நம்பி அவர்களை விட்டுவிடுவது எவ்வளவு பெரிய அநீதி என்று விளங்கும். அன்பு உள்ள இடத்திலும் அது களைத்துப் போகும். மூன்றாவது வாரத்தில் வரி கொடுக்கப் பணமில்லாதவன் ஜெனரேட்டர் வரும் நேரத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு வரக் கூசுவான்.

எங்கள் மலைப்பக்கத்தில் புயல் கரையேறுவதில்லை. ஆயினும் கோடைமழைக் காற்றில் வனத்தின் நடுவே ஒரு மரம் கம்பியின் மேல் சாய்ந்தால், அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரையில் ஊர் இருளில் கிடக்க வேண்டியதுதான். யானைகள் நடமாடும் வழியில் இரவில் லைன்மேனை அனுப்பு என்று கேட்க யாருக்கு மனம் வரும்? அவ்விரவுகளில், வெளிச்சமில்லாத வயலில் யானை இறங்காமலிருக்க, முறை வைத்துக் காவலிருப்பவர்கள் அக்கம்பக்கத்தார். இதே காவிரியின் சிவசமுத்திர அருவியில், திவான் சேஷாத்ரி ஐயரின் முயற்சியால் 1902-இல் மின்நிலையம் அமைந்து, தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்து ஆசியாவில் அது பெரிய சாதனை. பொன் விளைந்த பூமிக்கு அவ்வளவு தூரம் ஓடிய சக்தி, அதே ஆற்றின் கரைக்காட்டில் இருந்த குடிகளிடம் நெடுங்காலம் கழித்தே வந்தது. கடைசி வீடு என்றால் என்னவென்று நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவை 2017 செப்டம்பர் 20-இல் மரியா சூறாவளி தாக்கியபோது, தீவு முழுவதும் இருண்டு, கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்பச் சுமார் பதினொரு மாதங்கள் ஆயின. செல்வமும் விஞ்ஞானமும் மிகுந்த தேசத்தின் கொடிக்கீழ் இந்த நிலை. அத்தீவின் மலையூரான அட்ஹுந்தாஸில், காசா புவெப்லோ என்னும் மக்கள் சங்கத்தின் கட்டடம் ஒளிர்ந்தது. ஏனெனில் அவர்கள் 1990-களின் இறுதியிலிருந்தே கூரையில் சூரிய ஒளித் தகடுகளை அமைத்திருந்தார்கள். கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றவும், மூச்சுத் திணறுகிறவர்கள் தம் சுவாசக் கருவியை இயக்கவும் மலையூர் ஜனங்கள் அங்கே வந்தார்கள். சங்கத்தார் ஆயிரக்கணக்கான சூரிய விளக்குகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உதவும் மனம் பேராவூரணியிலும் அட்ஹுந்தாஸிலும் ஒன்றே; அங்கே அந்த மனத்தின் கையில் முன்கூட்டியே ஒரு சாதனம் இருந்தது.

எங்கள் பஞ்சாயத்தாரிடமும் வட்டத்து அதிகாரிகளிடமும் என் வேண்டுகோள் இதுவே: குடிநீர் மோட்டார் ஒன்றையாவது சூரிய சக்தியில் இயங்கும்படி மாற்றுங்கள், பள்ளிக் கட்டடத்தின் கூரையில், மின்கலத்தோடு கூடிய தகடுகளைப் பொருத்தி, யார் வேண்டுமானாலும் வந்து பயன்படுத்தும்படி நாலு பிளக் பாயிண்டுகளைத் திண்ணையில் வையுங்கள், பழுதான அடிபம்புகளைச் சரிசெய்யுங்கள், வீட்டில் சுவாசக் கருவியோடு இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, தனித்து வாழும் முதியவர் யார் யார் என்ற பட்டியல் ஆஷா பணியாளரிடமும் லைன்மேனிடமும் இருக்கட்டும். கோடைமழைக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. அடுத்த கிராம சபையில் இதை எழுப்பப் போகிறேன். உடன் வந்து பேசுகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் மனுவைச் சேர்ந்தே எழுதலாம்.